ஒன்றாய்த் தெரிகிற தூரம்

“நீலக் கொடை, ஒரு கம்பி முறிஞ்சது, வாங்க.”

“சட்டப் பையில சீப்பு வச்சீக்கிற தம்பி, ஒங்கட மருந்து ரெடி.”

கண்டி மார்க்கெட்டுக்குப் பின்தெருவில் இருந்த அந்தப் பாமசியில் மருந்து கட்டிக் கொடுக்கும் அவர் ஆட்களைக் கூப்பிடுவது இப்படித்தான். நான் அங்கே காசு மேசையில் இருந்தேன். டொக்டர் எழுதிய மருந்துத் துண்டில் பெயர் இருக்கும். ஆனால் அது நோயாளியின் பெயர். துண்டோடு வந்து நிற்பது மகனாகவோ, மருமகளாகவோ, பக்கத்து வீட்டுக்காரராகவோ இருக்கும். வேறு கடையென்றால் முகத்தைப் பார்த்து “நீங்க வாங்க” என்றாலே போதும். அவருக்கு அது வாய்க்கவில்லை. அவருடைய இடது கண் வெளிப்பக்கமாக விலகி இருந்தது. அவர் ஒருவரைப் பார்த்து “வாங்க” என்றால் அந்த ஆள் திரும்பித் தன் முதுகுக்குப் பின்னால் யார் என்று தேடுவார். இடப்பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்த இன்னொருவர் எழுந்து கவுண்டருக்கு வந்துவிடுவார். பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே இப்படித்தானாம். அதனால் எதிரில் நிற்பவரிடம் உள்ள ஏதாவது ஒன்றைக் கவனித்துச் சொல்லிக் கூப்பிடப் பழகிவிட்டார். ஒருவரும் கோபித்துக்கொண்டதில்லை. தன்னிடம் என்ன கண்டுபிடிக்கப்போகிறார் என்று காத்திருந்தவர்களும் உண்டு.

அவர் கெலிஓயாவிலிருந்து பஸ்ஸில் வருவார். நாற்பதைத் தாண்டியிருந்தார். எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அக்காவைத் தாத்தா என்பார்கள். நான் கண்டி டவுனில் பிறந்த இந்து வீட்டுப் பெண் என்றாலும் எனக்கும் அவர் தாத்தாதான். அவருக்கு நான் தங்கச்சி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த ஒருவர், “தாத்தா, இந்தத் துண்டைக் கொஞ்சம் பாருங்க” என்று நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, உள்ளே எந்தக் கிழவர் இருக்கிறார் என்று எட்டிப் பார்த்தார்.

தாத்தாவிடம் எதையும் சொல்லி நம்பவைக்க முடியாது. “செஞ்சி பாத்தா தெரியுந்தானே” என்பார். வத்தேகமவுக்கு அப்பால் ஒரு தோட்டத்திலிருந்து வந்த அம்மா, இன்சுலின் மருந்தை ஐஸ் கட்டியோடு பொதிந்து கொடுத்தால் வீடு போகும்வரை குளிர் நிற்குமா என்று கேட்டார். நிற்கும் என்று முதலாளி சொன்னார். தாத்தாவுக்கு அது போதவில்லை. அன்று மாலை ஒரு ஐஸ் பொதியைத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். மறுநாள் வந்ததும், “கெலிஓயா டவுன் வரைக்கும் நல்லா ஈக்குது. அதுக்கு மேல தண்ணி. வத்தேகமைக்கு ரெண்டு பொதி வேணும்” என்றார். பைக்குள் இருந்த அவருடைய பஸ் டிக்கட், கைக்குட்டை, பேரீச்சம்பழம் எல்லாம் நனைந்து போயிருந்தன. வயிற்றுப் பூச்சி மருந்து கசக்குமா என்று எந்தத் தாயாவது கேட்டால், விரல் நுனியில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார்.

அந்தக் கண்ணால் ஒரு லாபமும் இருந்தது. அவர் குனிந்து குளிசை எண்ணிக்கொண்டிருக்கும்போது இடப்பக்கத்து அலுமாரியருகே நிற்பவர், தன்னை ஒருவரும் பார்க்கவில்லை என்று நினைப்பார். ஒருநாள் நன்றாக உடுத்தியிருந்த ஒரு மனிதர் தைலப் போத்தல் ஒன்றை எடுத்துக் காற்சட்டைப் பைக்குள் விட்டார். தாத்தா தலையை நிமிர்த்தவில்லை. “வெள்ள சப்பாத்துப் போட்ட மாத்தயா, அதையும் சேத்து பில் போடவா?” என்று சிங்களத்தில் கேட்டார். அந்த மனிதர் போத்தலை எடுத்து மேசையில் வைத்தார். பிறகு நான் கேட்டேன்.

“அந்தக் கண்ணுல பார்வை தெரியுமா தாத்தா?”

“அதுதான் எனக்கும் வெளங்கல்ல தங்கச்சி. நேர பாத்தா அந்தக் கண்ணு இல்லாத மாதிரி. ஆனா ஓரத்துல ஆள் வந்தா தெரியும். பாதி வேலதான் செய்யிது. மத்த பாதிய ஏன் செய்யல்ல?”

இதைப் பற்றி அவருக்குக் கவலையைவிட விடுகதை மனநிலைதான் கூடுதலாக இருந்தது என்று அப்போது நினைத்தேன்.

ஒரு மழை மாலையில் மெலிந்த பெண்ணொருவர் இருமல் மருந்துக்கு வந்தார். தாத்தா வழக்கம்போல, “காதுல ஒரு தோடு மட்டும் போட்டீக்கிறவங்க” என்று கூப்பிட்டார். அந்தப் பெண் காதைத் தடவிப் பார்த்தார். தோடு உண்மையிலேயே விழுந்திருந்தது. அவர் கவுண்டருக்கு வந்து நின்று பேசியபோது தாத்தாவின் வலது கண்ணைப் பார்த்தே பேசினார். புதிதாக வருகிறவர்கள் எந்தக் கண்ணைப் பார்ப்பது என்று தெரியாமல் மூக்கையோ நெற்றியையோ பார்ப்பார்கள். இவர் தடுமாறவே இல்லை.

“நீங்க கண் டொக்டரா?” என்று தாத்தா கேட்டார்.

“ஓம். எப்பிடித் தெரியும்?”

“சரியான கண்ணப் பாத்தீங்க.”

டொக்டர் சிரித்தார். தோட்டைத் தேடிக் கதிரைகளுக்குக் கீழே நாங்கள் குனிந்துகொண்டிருக்க, இருவரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். சின்ன வயதில் காட்டவில்லையா என்று டொக்டர் கேட்டார். காட்டியதாகவும், ஏழு வயதுக்கு மேல் ஒன்றும் செய்ய ஏலாது என்று சொல்லிவிட்டதாகவும் தாத்தா சொன்னார்.

“அது பார்வையைப் பற்றின கதை. ஒப்பரேஷனில கண்ணை நேராக்கிறதை எந்த வயசிலயும் செய்யலாம். கிளினிக்குக்கு வாங்கோ, பாப்பம்.”

கிளினிக்குக்கு நானும் கூடப் போனேன். படத்தை நகர்த்திக் காட்டும் பட்டை போட்ட கண்ணாடித் துண்டொன்றை டொக்டர் தாத்தாவின் இடது கண்ணுக்கு முன்னால் பிடித்தார். தாத்தா “அல்லாஹ்” என்று மெல்லச் சொன்னார்.

“என்ன தெரியுது?”

“ரெண்டு டொக்டர்.” பிறகு, “எடுத்துட்டு இன்னொருக்கா வைங்க” என்றார்.

அவர் பல தடவை வைக்கச் சொன்னார். வெளியே வரிசை நீண்டுகொண்டிருந்தாலும் டொக்டரும் சலிக்காமல் விளக்கினார். கண் விலகியபோது ஒரே பொருள் இரண்டாகத் தெரிந்திருக்கும், குழந்தையின் மூளை அதைத் தாங்க முடியாமல் அந்தக் கண்ணின் படத்தில் நடுப்பகுதியை மட்டும் மறைத்துவிட்டது, ஓரத்தை விட்டுவைத்தது.

“இப்ப கண்ணை நேராக்கினால் படம் வேற இடத்தில விழும். அந்த இடத்தை மூளை மறைச்சு வைக்கேல்லை. அதால கொஞ்சக் காலத்துக்கு எல்லாம் இரண்டாத் தெரியும்.”

“அதுக்குப் பொறகு?”

“பழகும். கனபேருக்குப் பழகும்.”

“பழகாட்டி?”

டொக்டர் கண்ணாடித் துண்டைக் கீழே வைத்தார். “சிலருக்கு மிஞ்சும். அப்ப கண்ணாடி போட்டுப் பாப்பம். நான் பொய் சொல்லேல்லை.”

“வெட்டித் தச்ச தசைக்குத் தெரியுமா, அது எடம் மாறின?”

“வெளிப்பக்கத் தசையைக் கழட்டிக் கொஞ்சம் பின்னுக்குத் தைப்பம். உள்பக்கத்தைக் கட்டையாக்குவம். தசையும் தன்ர நீளத்தை மெல்ல மெல்ல மாத்திக்கொள்ளும். வெளிய இழுக்கிற பழக்கம் லேசில போகாது. அதால ஒரு சொட்டு கூடுதலா உள்ளுக்கு இழுத்துத்தான் வைப்பன். நாள் போக அது தானா நேருக்கு வரும்.”

பேராதனை வழியாக பஸ்ஸில் திரும்பும்போது அவரிடம் பயம் தெரியவில்லை. எனக்குத்தான் பயம். எல்லாம் இரண்டாகத் தெரிந்தால் முதலாளி அவரை மருந்து கட்ட விடமாட்டார். தாத்தாவின் கணவர் ஓர் இரும்புச் சாமான் கடையில் வேலை பார்ப்பவர், அதிகம் பேசாதவர். அவரும், “இவ்வளவு காலம் இல்லாத கொற இப்ப என்னத்துக்கு?” என்று ஒருமுறை சொல்லியிருந்தார். வீட்டில் தாத்தா உம்மா என்று அழைக்கும் வயதான தாயும் இருந்தார். இதெல்லாவற்றையும் சொல்லி, வேண்டாமே என்றேன்.

அவர் யன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார். “தங்கச்சி, நான் கூப்பிட்டா ஆக்கள் திரும்பிப் பாக்குறாங்க. என்ட மகள் சின்னதுல நான் கொஞ்சினா திரும்பிப் பாப்பா, வேற ஆரையும் கொஞ்சுறேண்டு. அதுக்கு மேல கேக்க வேணாம்.”

நான் கேட்கவில்லை. விடுகதை மட்டும்தான் என்று நினைத்தது தவறு.

ஒப்பரேஷன் முடிந்து சில நாட்களில் கெலிஓயாவுக்குப் போனேன். கதவைத் திறந்தவருடைய இடது கண்ணின் வெள்ளை, வெற்றிலை போட்ட வாய்போலச் சிவந்திருந்தது. ஆனால் கண் நேராக நின்றது. கொஞ்சம் மூக்குப்பக்கம் சாய்ந்தே நின்றது. அவர் வாசலிலேயே நின்று என்னைக் கூர்ந்து பார்த்தார்.

“ரெண்டு தங்கச்சி வந்தீக்கிறீங்க. எந்தத் தங்கச்சிக்கு டீ?”

சிரித்துக்கொண்டே ஊற்றினார். முதல் கோப்பைத் தேநீர் மேசைவிரிப்பில் கொட்டியது. கையை எடுக்காமல், கொட்டியது எங்கே, கோப்பை எங்கே என்று இரண்டுக்கும் இடையிலான தூரத்தை விரலால் அளந்து பார்த்தார். “நேத்தைக்கு இத விட அங்கால கொட்டின” என்றார்.

கையில் ஓர் ஈர்க்குக் குச்சி வைத்திருந்தார். முகத்துக்கு அருகே பிடித்தால் அது ஒன்று. மெல்ல முன்னால் நீட்டினால் ஓரிடத்தில் இரண்டாகப் பிரியும். மறுபடி கிட்டே கொண்டுவந்தால் ஒட்டிக்கொள்ளும். ஒப்பரேஷன் செய்த மறுநாள் அந்த இடம் ஒரு சாண் தூரத்தில் இருந்ததாம். நான் போன அன்று கை நீட்டும் தூரத்துக்குப் போயிருந்தது.

“இதுக்கு இங்கால ஈக்கிற எல்லாம் ஒண்டு தங்கச்சி. அங்கால எல்லாம் ரெண்டு. இந்தக் கோடு நகருது. எவ்வளவு தூரத்துக்குப் போகுதுண்டு பாப்பம்.”

அதன் பிறகு வேலை நேரத்தில் எனக்குத் தொலைபேசி வரும். முகமன் இருக்காது. “சாப்பாட்டு மேச முழுக்க ஒண்டு.” சில நாள் கழித்து, “செவத்துல ஈக்கிற மணிக்கூடு.” பிறகு, “வாசல் கேட்டு வரைக்கும் வந்திட்டுது. பக்கத்து வீட்டுப் பூன கேட்டுக்கு உள்ள வந்தா ஒண்டு, வெளிய போனா ரெண்டு.” பாமசியில் நாங்கள் எல்லோரும் அந்தக் கோட்டைப் பின்தொடர்ந்தோம். முதலாளிகூட, “இன்னைக்கு எங்க நிக்குது?” என்று என்னிடம் விசாரிப்பார்.

கேட்டைத் தாண்டியதும் கோடு நின்றுவிட்டது. அவர்கள் வீட்டு வாசலில் நின்றால் வயலுக்கு அந்தப்பக்கம் பள்ளிவாசல் மினாரா தெரியும். அது இரண்டாகவே இருந்தது. வாரங்கள் போயின. தொலைபேசி குறைந்தது. முதலாளி ஓர் இளம் பெண்ணைத் தற்காலிகமாக எடுத்தார். அந்தப் பெண் கெட்டிக்காரி. நான் அவளைப் பற்றித் தாத்தாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் எப்படியோ தெரிந்திருந்தது.

ஒருநாள் மதியம் தாத்தா பேசினார். “மினாரா இன்னம் ரெண்டுதான் தங்கச்சி. பாங்கு சொல்ற சத்தம் ஒண்டுலயிருந்து வருது. நான் எதப் பாத்து நிக்கிற?”

நான் எதையோ சொல்லித் தேற்றினேன். டொக்டரிடம் போனபோது அவர் பரிசோதித்துவிட்டு, கண் இன்னும் ஒரு நூல் உள்ளே நிற்கிறது, தசை இளக நேரம் எடுக்கிறது, பொறுங்கோ என்றாராம். “அதையே பாத்துக்கொண்டு நிக்காதேங்கோ” என்றும் சொன்னாராம்.

அதுதான் அவரால் முடியாத காரியம். ஆனால் அந்த வாரம் வீட்டில் உம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. மினாராவைப் பார்க்க நேரமில்லாமல் போய்விட்டது. காய்ச்சல் விட்ட பிறகு ஒரு காலையில் கேட்டடியில் மீன்காரரோடு விலைக்கு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, அந்த மீன்காரரின் தோளுக்கு மேலாக மினாரா தெரிந்தது. ஒன்று.

“மீன வாங்கவே இல்ல தங்கச்சி. அவர் போய்ட்டார். எப்ப ஒண்டாச்சிண்டு தெரியல்ல. பாத்துக்கிட்டு ஈந்த அவ்வளவு நாளும் ஆகல்ல, பாக்காத நேரம் பாத்து ஆகீக்கிது.” சந்தோஷத்தைவிட ஏமாந்துபோன எரிச்சல்தான் அந்தக் குரலில் தூக்கலாக இருந்தது.

பாமசிக்குத் திரும்பிய முதல் நாள் அவர் ஓர் இளைஞனைப் பார்த்து வெறுமனே “வாங்க” என்றார். அவன் நேரே வந்தான். யாரும் திரும்பவில்லை. தாத்தா பொதியைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்த் தண்ணீர் குடித்தார். அன்று முழுவதும் “வாங்க”, “வாங்க” என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். மறுவாரம் பழைய வழக்கம் தானாக வந்துவிட்டது. வெறும் “வாங்க”வில் ருசி இல்லை என்றார்.

இடப்பக்கம்தான் அவருக்கு நட்டம். முன்பு தானாகத் தெரிந்த ஓரம் இப்போது இல்லை. வெளியே இழுத்துவிட்ட மேசை லாச்சியில் இடித்துக்கொள்வார். நான் இடப்பக்கமாகப் போய்ப் பேசினால் திடுக்கிடுவார். தைலப் போத்தல்கள் வைத்த அலுமாரியை முதலாளி வலப்பக்கத்துக்கு மாற்றினார். ஆழம் தெரிகிறதா என்று பார்க்க நூலில் ஊசி கோப்பது, இரண்டு பேனாக்களின் நுனியை முட்டவைப்பது எல்லாம் செய்து பார்த்தார். ஒரு கண்ணை மூடிச் செய்தாலும் அதே அளவுதான் வந்தது. “அது வரல்ல. குடுத்து வச்சது இவ்வளவுதான்” என்று விட்டுவிட்டார்.

எல்லோரையும்விடக் கஷ்டப்பட்டவர் அவருடைய கணவர். இருபது வருடமாக அவர் எப்போதும் மனைவியின் வலப்பக்கமே உட்கார்ந்து, ஒரு கண்ணோடு மட்டும் பேசிப் பழகியவர். இப்போது இரண்டு கண்ணும் சேர்ந்து தன்மேல் நிற்கும்போது சோற்றுக் கோப்பையைப் பார்த்துக் குனிந்துவிடுவாராம். நான் ஒருமுறை சாப்பிட இருந்தபோது அதைக் கண்டு, அண்ணன் முறையில் நானா என்று கூப்பிட்டுக் கேட்டேன்.

“என்ன நானா, தாத்தாவப் பார்க்கவே மாட்டேங்கிறீங்க?”

“பாத்தா மனசுல ஈக்கிற எல்லாம் தெரிஞ்சிடும் போல ஈக்குது மகள்” என்று மெதுவாகச் சொன்னார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டது அன்றுதான்.

பிறகு நான் கல்யாணமாகி வத்தேகமவுக்குப் போய்விட்டேன். பாமசி வேலையும் முடிந்தது. அவரும் உம்மாவைப் பார்த்துக்கொள்வதற்காக வேலையை விட்டுவிட்டார் என்று கேள்விப்பட்டேன். போன வருடம் ஒரு பிற்பகல் கெலிஓயாவுக்குப் போயிருந்தேன்.

உம்மா முன்னறையில் ஒரு சாய்வுக் கதிரையில் இருந்தார். ஞாபகம் மங்கிக்கொண்டிருந்தது. தாத்தா அவருக்குத் தலை சீவிவிட்டபோது அவர் நிமிர்ந்து, “நீங்க ஆருட வீட்டுப் புள்ள? நல்லாப் பாக்குறீங்க. என்ட மகள் இன்னம் வரல்ல” என்றார். தாத்தா, “வந்திடுவா உம்மா” என்றார்.

குசினியில் எனக்கு அவர் விளக்கினார். உம்மா அவரைக் காலையில் அடையாளம் காண்பதில்லை. ஆனால் மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு சில நாள் சட்டென்று “மகள்” என்று கூப்பிடுவார். ஏன் என்று தாத்தா தேடினார். வெளிச்சமா என்று யன்னலை மூடித் திறந்து பார்த்தார். மருந்து நேரமா என்று பார்த்தார். பழைய சட்டைகளைப் போட்டுப் பார்த்தார். ஒருநாள் அசதியோடு முகம் கழுவிவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தபோது பிடிபட்டது. களைத்தால் இடது கண் மெல்ல வெளியே போகத் தொடங்கியிருந்தது.

“உம்மா தேடுற அந்தக் கண்ணத்தான் தங்கச்சி. தொட்டிலுக்கு எடப்பக்கம் யன்னல் ஈந்த, அதப் பாத்துப் பாத்துத்தான் புள்ளட கண்ணு அப்பிடிப் போனதுண்டு வாழ்க்க முழுக்கத் தன்னயே ஏசிக்கிட்டு ஈந்தவ. நேரா ஈக்கிற கண்ணு அவட புள்ளட இல்ல.”

“இப்ப என்ன செய்றீங்க?”

“விடப் பழகிட்டேன்.”

எனக்கு முன்னாலேயே செய்து காட்டினார். எதையோ உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தவர் அதை விட்டுவிட்டதுபோல முகம் தளர்ந்தது. இடது கண் நகர்ந்து வெளியே போய் நின்றது. நான் முதன்முதலாகப் பார்த்த முகம்.

“அப்ப உங்களுக்கு?”

“எல்லாம் ரெண்டு. மூள இப்ப மறைக்க மாட்டேங்குது. அது பழகினது பழகினதுதான். கொஞ்ச நேரத்துல நெத்தி வலிக்கும்.” கண்ணைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொண்டார். “டொக்டர் கேட்டாங்க, திரும்பவும் ஒருக்கா இழுத்துக் கட்டுவமாண்டு. உம்மா ஈக்கிற வரைக்கும் வேணாண்டேன்.”

முன்னறையிலிருந்து உம்மா இருமினார். பிறகு யாரையோ கேட்பதுபோல, “என்ட புள்ள வந்துட்டாவா?” என்றார்.

தாத்தா ரஸ்க்குத் துண்டுகளைத் தேநீரில் நனைத்துத் தட்டில் எடுத்துக்கொண்டார். “வாறேன் உம்மா” என்று குரல் கொடுத்துவிட்டுக் குசினி வாசலில் ஒரு கணம் நின்றார். கண்ணைத் தளர விட்டார். அதன் பிறகு, தட்டு சரியாமல் ஒரு கையால் சுவரைத் தடவியபடி உள்ளே போனார்.